ஈரத் துணியால் துடைத்த கண்ணாடி

கைப் பிரஸ்ஸின் பிடியை மெல்ல மெல்லத்தான் அழுத்தினேன். கிராஃபைட் அச்சுக்குள்ளிருந்து வில்லை நழுவி வெளியே வரவேண்டும். வந்தது. இரண்டு துண்டாக வந்தது.

ஷமீமா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஆராய்ச்சி மாணவி. அந்த வில்லை அவளுடையது.

"மேல ஒட்டியிருக்க கரித்தாளைச் சுரண்டிப் பாருங்க அண்ணாச்சி. உள்ள வெள்ளையா இருக்கும்" என்றாள்.

பிளேடால் சுரண்டினேன். பிளந்த பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் காட்டினேன். உள்ளேயும் வெள்ளை இல்லை. பாத்திரம் கழுவின தண்ணீர் மாதிரி ஒரு சாம்பல் நிறம். விரல் பட்டதும் ஓரம் உதிர்ந்தது.

அவள் அழவில்லை. துண்டுகளை என் கையிலிருந்து வாங்கி, சின்ன டப்பாவில் பஞ்சு விரித்துப் படுக்கவைத்தாள். "இது மூணாவது வில்லை அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னாள். பிறகு, "செத்த நேரம் வெளிய நின்னுட்டு வாரேன்" என்று போய்விட்டாள்.

இத்தனை வாரமாக மில் கதை, சைக்கிள் கதை, என் கல்யாணத்தில் பந்தல் சாய்ந்த கதை என்று எழுதிக்கொண்டு வந்தேன். சிரித்தோம் என்று நீங்களும் கடிதம் போடுகிறீர்கள். சந்தோஷம். இந்த வாரம் சிரிக்க அதிகம் இல்லை. இது நான் செய்த தப்பு. அதைவிட, செய்த தப்பை மறைத்த தப்பு. ஷமீமாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க அண்ணாச்சி, பேரை மட்டும் மாத்திருங்க" என்றாள். மாற்றியிருக்கிறேன்.

பொடி கட்டியாகும் வித்தை

ராஜபாளையத்தில் நூற்பாலை மூடிய பிறகு நான் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆய்வக டெக்னீசியனாகச் சேர்ந்தேன் என்று முன்பே எழுதியிருக்கிறேன். சேர்ந்த மறு வருடம் அந்த மெஷின் வந்தது. லாரியிலிருந்து இறக்கவே ஒரு பகல் ஆயிற்று. ஸ்பார்க் பிளாஸ்மா சின்டரிங் என்று அதற்குப் பெயர். சொல்லி முடிப்பதற்குள் வாய் வலிக்கும். எல்லாருக்கும் அது எஸ்.பி.எஸ். மெஷின்.

என் மனைவி கனகத்துக்கு அதை விளக்கப் போய் நான் பட்ட பாடு! "பிடிகொழுக்கட்டை பிடிக்கிறேல்லட்டி, அது மாதிரித்தான். மாவை அமுக்கிப் பிடிச்சு வேக வைக்கிற. மாவு உருகுதா? இல்ல. ஆனா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாயிருது" என்றேன்.

"கொழுக்கட்டை பிடிக்கவா ஒங்களுக்குச் சம்பளம் குடுக்காக?" என்றாள் அவள்.

விஷயம் அவ்வளவுதான். பீங்கான் வகைப் பொடியைக் கிராஃபைட் அச்சில் நிரப்பி, மேலும் கீழும் கிராஃபைட் தண்டு வைத்து, காற்றை உறிஞ்சி எடுத்த அறைக்குள் வைக்க வேண்டும். பல டன் பாரத்தில் அமுக்கிக்கொண்டே, விட்டு விட்டு அடிக்கும் மின்சாரத்தை நேராக அச்சுக்குள் பாய்ச்ச வேண்டும். அச்சே பழுத்து ஒளிரும். சாதாரண உலையில் ஒரு நாள் முழுக்க வேக வேண்டிய பொடி இதில் சில நிமிடத்தில் கல்லாகிவிடும். சீக்கிரம் முடிவதால் உள்ளே பொடியின் மணிகள் பெருத்துப் போகாமல் பொடிசாகவே நிற்கும். அந்தப் பொடிசில்தான் கல்லின் பலம் இருக்கிறது.

அவ்வளவு சூட்டை எதை விட்டு அளப்பது? தொட்டால் எதுவும் தாங்காது. அதனால் அறைக் கதவில் ஒரு சின்ன வட்டக் கண்ணாடி. அதன் வழியே வெளியிலிருந்து ஒரு கருவி அச்சின் ஒளியைப் பார்த்து, இத்தனை டிகிரி என்று சொல்லும். அது சொல்கிற டிகிரியை நம்பித்தான் மெஷின் மின்சாரத்தைக் கூட்டும், குறைக்கும். அந்தக் கண்ணாடியைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத்தான் துடைக்க வேண்டும் என்பது விதி. கதவில் ஒட்டிவைத்திருக்கும். நானே ஒட்டினேன்.

முட்டை ஓடு பொறுக்கின பிள்ளை

ஷமீமாவின் அத்தா ராஜபாளையத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். இவள் மாலையில் பரோட்டாக் கடை பரோட்டாக் கடையாக வாளியோடு போய் முட்டை ஓடு வாங்கி வருவாள். "டாக்டருக்குப் படிக்கப் போன பிள்ளை ஓடு பொறுக்குது பாருங்கய்யா" என்று அத்தா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரிப்புக்குள் பெருமை இருக்கும்.

ஓட்டைக் கழுவி, சுட்டு, அரைத்து, மருந்துகளோடு சேர்த்துப் பக்குவம் பண்ணினால் நம் எலும்பில் இருக்கிற அதே பொருள் வெள்ளைப் பொடியாகக் கிடைக்கும். அதைக் கல்லாக்கி, உடைந்த எலும்புக்கு ஒட்டு வைக்க முடியுமா என்பது அவள் ஆராய்ச்சி. ஒரே தடவையில் செய்த பொடியிலிருந்து மூன்று வில்லை வேண்டும். மூன்றையும் ஒரே மாதிரிச் சோதித்து ஒப்பிட்டால்தான் கணக்கு நிற்கும். இரண்டு அருமையாக வந்துவிட்டன. மூன்றாவது போனால் பொடி காலி. ஓடு பொறுக்குவதிலிருந்து திரும்ப ஆரம்பிக்க வேண்டும், மூன்றுக்கும்.

அவளுக்கு அதற்கு நேரமில்லை. ஏற்கெனவே ஒரு தடவை கெடு நீட்டி வாங்கியிருந்தாள். அது முடிய இரண்டு மாதம்தான் இருந்தது.

மில்லில் படிந்த பழக்கம்

மில்லில் ஆயுத பூஜை என்றால் சும்மா இல்லை. முந்தின நாளே மெஷினையெல்லாம் தேய்த்துக் கழுவுவோம். ஒவ்வொன்றின் நெற்றி எது என்று எங்களுக்குள் ஒரு கணக்கு உண்டு. பஞ்சு வாருகிற கார்டிங் மெஷினுக்கு மேல் மூடி. பாய்லருக்குக் கண்ணாடி மீட்டர். நெற்றி பார்த்துப் பொட்டு வைத்தால்தான் வைத்த மாதிரி இருக்கும்.

அந்தப் பழக்கத்தை நான் கல்லூரிக்கும் கொண்டுவந்தேன். அந்த வருடமும் வைத்தேன். எஸ்.பி.எஸ். மெஷினுக்கு நெற்றி எது? கதவுதான். வட்டக் கண்ணாடிக்கு மேல் இரும்பு வளையத்தில் கெட்டியாகச் சந்தனம், நடுவில் குங்குமம். பார்க்க லட்சணமாக இருந்தது. ஷமீமா வருடா வருடம் பூஜைக்குக் கொய்யாப்பழம் கொண்டுவருவாள். சூடம் காட்டும்போது மரியாதையாகத் தள்ளி நிற்பாள். பொரிகடலைத் தட்டு அவள் கையில்தான் சுற்றி வரும், பாதி அவள் வாய்க்குள் போகும்.

விடுமுறை முடிந்து வந்த காலையில் சந்தனம் காய்ந்து, தூள் உதிர்ந்து கண்ணாடி மேல் விழுந்திருந்தது. துடைக்க வேண்டும். ஸ்பிரிட் பாட்டிலைக் கையில் எடுத்தேன். எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். சாமிக்கு வைத்த சந்தனத்தில் ஸ்பிரிட்டை ஊற்றித் தேய்க்க மனசு வரவில்லை. அது என்ன இருந்தாலும் சாராய வாடை. துணியைத் தண்ணீரில் நனைத்து, வீட்டில் சாமி படத்தைத் துடைக்கிற மாதிரி மென்மையாகத் துடைத்தேன்.

சந்தனம் போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை. தண்ணீரில் கரைந்து கண்ணாடி முழுக்க மெல்லிசாகப் பரவிக் காய்ந்துவிட்டது. நேராகப் பார்த்தால் தெரியாது.

"அப்படித்தான் இழுக்கும்"

அன்று பகல் பதினொரு மணிவாக்கில் ஓட்டினோம். திரையில் டிகிரி சீராக ஏறியது. ஷமீமா மின்சாரம் காட்டுகிற எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அண்ணாச்சி, ஆம்பியர் கூட இழுக்குதே. முந்தி ரெண்டு தடவையும் இம்புட்டு இழுக்கலையே?"

"லீவுல கெடந்த மெஷினு தாயி. குளுந்து போயிருக்கும். அப்படித்தான் இழுக்கும்."

எவ்வளவு அழகாகச் சொன்னேன், பாருங்கள்! முப்பது வருட அனுபவம் பேசியது. அவள் நம்பினாள். கண்ணாடிப் படலம் அச்சின் ஒளியை மறைக்க, கருவி குறைத்துச் சொல்ல, இன்னும் சூடு போதவில்லை என்று மெஷின் மின்சாரத்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறது. திரையில் காட்டியதைவிட உள்ளே நூறு டிகிரியாவது கூட இருந்திருக்கும். அந்த எலும்புப் பொடி அதைத் தாங்காது. சிதைந்துவிடும்.

ஆற வைத்து, கதவைத் திறந்து, அச்சை எடுத்தபோது என்ன வந்தது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன்.

அவள் வெளியே போய்விட்டு வந்து, பையை எடுத்துக்கொண்டு பேராசிரியர் அறைக்குக் கிளம்பினாள். நான் மெஷினைச் சுத்தம் பண்ண உட்கார்ந்தேன். அறைக்குள் பார்க்க டார்ச் அடித்தபோது, வெளிச்சம் கண்ணாடியில் சாய்வாக விழுந்தது. மஞ்சளாக ஒரு படலம். துணி போன தடம்கூடக் கோடு கோடாகத் தெரிந்தது.

ஸ்பிரிட் தொட்டு ஒரே தேய்ப்பு. பஞ்சு மஞ்சளாகிவிட்டது. வெறும் அச்சை வைத்து ஓட்டிப் பார்த்தேன். அதே டிகிரிக்கு ஆம்பியர் பழைய அளவில் வந்து நின்றது. சந்தேகமே இல்லை. அந்தப் பஞ்சைப் பேப்பரில் சுற்றிக் குப்பைக் கூடையின் அடியில் போட்டேன். அடியில்தான் போட்டேன், மேலே இல்லை.

பேராசிரியரின் அறை

ரங்கராஜா சார் நல்ல மனிதர். கோபம் வந்தால் மட்டும் வீட்டுத் தெலுங்கு எட்டிப் பார்க்கும். அன்று வகுப்பெல்லாம் முடிந்து சாயங்காலம்தான் அறைக்கு வந்தார், என்னையும் கூப்பிட்டுவிட்டார். துண்டுகளைப் பார்த்ததும், "ஏமம்மா இது?" என்று எழுந்தே விட்டார். "பொடியில ஈரம் இருந்திருக்கு. காய வைக்காம நிரப்பியிருக்க. இத்தனை வருஷம் படிச்சு இதுகூடத் தெரியாதா?"

நான் கதவருகில் நின்றிருந்தேன். இப்போது சொல், இப்போது சொல் என்று உள்ளுக்குள் ஒன்று அடித்துக்கொண்டது. ஆனால் பதினொரு வருடமாக ஒப்பந்தத்தில் இருந்த எனக்கு நிரந்தர உத்தரவு வருகிற நேரம் அது. கோப்பு சாரின் மேசையில்தான் இருந்தது. விதியை எழுதி ஒட்டினவனே விதியை மீறினான் என்றால் உத்தரவு வருமா? வாயை இறுக மூடிக்கொண்டேன்.

ஷமீமா என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு சாரைப் பார்த்து, "இருக்கலாம் சார். காய வைக்கிறதுல விட்டிருப்பேன்" என்றாள்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. செய்யாததை ஒத்துக்கொள்கிற பிள்ளை இல்லை அவள். எனக்கு ஒரு அற்ப நிம்மதியும் வந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

பெருமாளிடம் போனது

அதற்கடுத்து வந்த புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை கனகம் என்னை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்திலேயே இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். பஸ்ஸில் நிற்க இடமில்லை. படி ஏறி, கூட்டத்தில் நசுங்கி, சந்நிதி முன்னால் நின்றோம். "இவிய உத்தரவு சீக்கிரம் வரணும் பெருமாளே" என்று அவள் சத்தமாகவே வேண்டினாள். நான் கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன். என்னத்தைக் கேட்க? காப்பாற்று என்றால் யாரை?

இறங்கும்போது, "ஏன் மூஞ்சி இப்படிச் செத்துப் போயிருக்கு?" என்றாள்.

படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முந்தானையில் முடிந்திருந்த பிரசாதத்தைப் பிரித்து, பாதியை என் கையில் வைத்தாள். "அந்தப் புள்ளைக்கு என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

"தெரியல."

"தெரியாமலா ஒரு வாரமா சோறு திங்கீக?"

அப்புறமும் நான் உடனே சொல்லிவிடவில்லை. சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே ஐப்பசி மாதம் முக்கால்வாசி போயிற்று. ஷமீமா திரும்ப ஓடு பொறுக்க ஆரம்பித்திருந்தாள். குற்ற உணர்ச்சியில் நானும் செட்டியார்பட்டி வரைக்கும் சைக்கிளில் போய் ஒரு சாக்கு ஓடு கொண்டுவந்து கொடுத்தேன். "எதுக்கு அண்ணாச்சி ஒங்களுக்குச் சிரமம்" என்று வாங்கிக்கொண்டாள். அதற்குமேல் என்னிடம் அதிகம் பேசுவதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் தட்டச்சு செய்கிற முருகேஸ்வரி என்னைக் கூப்பிட்டாள். "அண்ணாச்சி, ஷமீமா அக்கா கெடு நீட்டிப்புக்குக் கமிட்டி செவ்வாய்க்கிழமை கூடுது. கெடைக்காதுபோலத் தெரியுது. ஸ்காலர் மேல தப்புன்னா ரெண்டாவது தடவை தர மாட்டாகளாம். மெஷின் கோளாறுன்னா மட்டும் குடுப்பாகளாம். அக்கா மேல தப்புன்னுதான் சார் எழுதியிருக்காரு."

திங்கட்கிழமை

திங்கட்கிழமை காலையில் மெஷின் பதிவேட்டைத் திறந்தேன். அந்த நாளுக்கு நேராக, குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினேன்: "கண்ணாடியில் சந்தனப் படலம். விதிப்படி ஸ்பிரிட்டில் துடைக்காமல் ஈரத் துணியால் துடைத்தேன். டிகிரி குறைத்துக் காட்டியது. பொடியில் குறையில்லை." பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டு, வெறும் அச்சை ஓட்டிய கணக்கையும் இணைத்து, சார் மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

அவர் இரண்டு தடவை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு மாசத்துக்கு மேலாச்சே அய்யா. அந்தப் பொண்ணை நான் என்னவெல்லாம் பேசினேன்? நின்னு கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீரு?"

"ஆமா சார்."

"போய்யா. என் முன்னால நிக்காதே."

சரியாகத்தான் சொன்னார். அன்றே தம் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதினார். நீட்டிப்புக் கிடைத்தது. அடுத்த வருடம் ஷமீமா மூன்று வில்லையும் வெள்ளை வெளேரென்று எடுத்தாள். இப்போது வெளியூர்க் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். என் நிரந்தர உத்தரவு தள்ளிப்போய், பிறகு வந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது அதெல்லாம் இல்லை. அந்தத் திங்கட்கிழமை மாலை நடந்தது.

பாத்திரக் கடையில்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் பிடித்து நேரே ராஜபாளையம் பாத்திரக் கடைக்குப் போனேன். உண்மையைச் சொன்னால், மனசுக்குள் ஒரு மிதப்பு. உத்தரவு போனாலும் போகட்டும் என்று துணிந்தவன் இல்லையா நான்! அவள் அழுவாள், நான் தேற்றுவேன் என்று பஸ்ஸிலேயே பேச்சைத் தயார் பண்ணிக்கொண்டு போனேன்.

அத்தா தொழுகைக்குப் போயிருந்தார். கல்லாவில் ஷமீமாதான் இருந்தாள். எவர்சில்வர் குடங்களுக்கு நடுவில் ஒரு ஸ்டூலைத் தள்ளிப் போட்டாள்.

நான் சந்தனத்தையும் துணியையும் பஞ்சையும் ஒன்று விடாமல் சொன்னேன். காலையில் சாரிடம் எழுதிக் கொடுத்ததையும் சொன்னேன்.

அவள் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு, "எனக்கு அன்னைக்கே தெரியும் அண்ணாச்சி" என்றாள்.

ஸ்டூலிலிருந்து பாதி எழுந்துவிட்டேன்.

"நான் பை எடுக்க உள்ள வந்தப்ப நீங்க பம்புகிட்ட குனிஞ்சிருந்தீக. மெஷின் கதவு தொறந்து கெடந்துச்சு. சன்னல் வெயிலு கண்ணாடியில சாஞ்சு விழுந்துச்சா, மஞ்சளாத் தெரிஞ்சிச்சு. விரல் வச்சுத் தேச்சு மோந்து பாத்தேன்."

"பொறவு ஏன் தாயி சொல்லல? சார் அம்புட்டு ஏசினாரே!"

"நான் என்னன்னு சொல்ல அண்ணாச்சி? ஆயுத பூசைச் சந்தனத்தால என் வில்லை போச்சுன்னா? யார் சொன்னா, ஷமீமா சொன்னான்னு போகும். நம்ம லேப்புல யாரும் தப்பா எடுக்க மாட்டாக. எனக்குத் தெரியும். கேட்டைத் தாண்டிப் போனா என்ன பேச்சாகும்னு ஒங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அடுத்த வருசம் நான் அங்க நின்னு பொரி திங்க வேண்டாமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். உத்தரவு ஒன்றுக்காக நான் பயந்தேன். அவள் எதையெல்லாம் எண்ணிப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள் என்று அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை. அவளுக்கும் எனக்கும் அந்த லேப் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

"நீங்க சொல்லுவீகன்னு இருந்தேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. "நீங்க சொன்னா அது கண்ணாடித் தப்பு, அம்புட்டுத்தான். ஓடு கொண்டாந்து குடுத்தீகளே, அன்னைக்குச் சொல்லிருவீகன்னு நெனச்சேன். அன்னைக்கும் சொல்லல."

கல்லா மேசையைத் திறந்து ஒரு கவரை எடுத்தாள். என் கையில் கொடுத்தாள். "படிங்க. இனி இது வேண்டியதில்ல, கிழிச்சிருங்க."

ஆராய்ச்சியை நிறுத்திக்கொள்கிறேன் என்று கல்லூரிக்கு எழுதிய கடிதம். மறுநாள் தேதி போட்டிருந்தது. அத்தாவும் கையெழுத்துப் போட்டிருந்தார். காரணம் என்ற இடத்தில், "என் கவனக்குறைவு" என்று எழுதியிருந்தாள்.